பாடசாலையின் பெயரா, மகளின் நேரமா?

பனிக்காலம் பாதியைக் கடக்கும்போது பார்க்டேலின் மாடிக் குடியிருப்புகளில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி வாசலுக்கு வாசல் உலவத் தொடங்குகிறது. எட்டாந் தரத்தில் பயிலும் மகளை அடுத்த ஆண்டு எங்கே சேர்ப்பது? மகனைக் குறித்தும் இக்கேள்வி எழாமலில்லை. ஆனால் மகளென்றால் அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வியாகிவிடுகிறது. பெண்கள் பாடசாலையா, கலவன் பாடசாலையா? பேர்போனதா, பக்கத்திலுள்ளதா? காசு கட்டிப் படிப்பிப்பதா, இலவசமாகக் கிடைப்பதா?

அண்மையில் ஒரு தாயார் மூன்று தாள்களை ஒரு பிளாஸ்ரிக் உறையிலிட்டு எம்மிடம் எடுத்துவந்தார். ஒன்று, நகரின் தனியார் மகளிர் கல்லூரியொன்று கட்டணத்தின் ஒரு பகுதியைத் தள்ளித் தருவதாக எழுதிய கடிதம். மற்றையது, அரச செலவில் நடைபெறும் கத்தோலிக்க மகளிர் பாடசாலையொன்றின் அனுமதிப் பத்திரம். மூன்றாவது, ஜேம்சன் அவெனியூவிலுள்ள பார்க்டேல் கொலிஜியேட்டின் பாடத்தெரிவுத் தாள். "ரீச்சர், நீங்கள் எதைச் சொல்லுறீங்களோ அதிலைதான் சேர்ப்பம்" என்றார் அவர். அவருடைய கணவர் இரவு வேலையில் நிற்பவர். பெரியவள் மகள், அவளுக்குக் கீழே ஒரு தம்பி. வீட்டில் ஒரு பாட்டி.

எமது விடையைச் சொல்வதற்கு முன், இக்கேள்வி எங்கிருந்து வந்ததென்பதைச் சற்று நோக்குவோம்.

இது எம்மோடு விமானமேறி வந்த கேள்வி. அமெரிக்க மிசனரிமார் 1824ஆம் ஆண்டில் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தனர். தொடக்க காலத்தில் அங்கு கற்று மணம்முடித்த பெண்களுக்கு மிசனே சீதனமும் கொடுத்ததென்பது வரலாறு. 1834இல் மெதடிஸ்தரின் வேம்படியும், 1896இல் அங்கிலிக்கரின் சுண்டுக்குளியும் தோன்றின. மிசன் பள்ளிக்குப் பெண்ணை அனுப்பினால் சமயம் மாறிவிடுவாளோ என்று சைவப் பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்துக்கு ஒரு விடையாகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். 1943இல் யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி உருவாயிற்று. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தபின், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் என்ற ஒற்றையடிப் பாதை வழியே ஏழை வீட்டுப் பெண்ணும் இப்பெயர்களின் வாசலை எட்டிப் பார்க்கலானாள்.

அக்காலத்தில் பெயருக்கு உண்மையாகவே பெறுமதி இருந்தது. பயிற்றப்பட்ட விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் உயர்தர வகுப்பும் ஒருசில கல்லூரிகளிலேயே குவிந்திருந்தன. எமது கிராமத்துப் பாடசாலையில் பௌதிகவியல் கற்க விரும்பிய பெண் ஒன்றில் ஊரைவிட்டுப் போகவேண்டும், அல்லது விருப்பத்தை விடவேண்டும். ஆகவே பாடசாலையின் பெயரைத் தெரிவதென்பது பாடத்தைத் தெரிவதாகவும், பல்கலைக்கழகத்தைத் தெரிவதாகவும், ஏன், கலியாணப் பேச்சில் வைக்கும் ஒரு நகையைத் தெரிவதாகவுங்கூட இருந்தது.

அந்தக் கணக்கை மாற்றாமல் நாம் ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இங்கும் பெயர்கள் இல்லாமலில்லை. பிசப் ஸ்ட்ராகன் 1867இலும், ஹவர்கல் 1894இலும், பிராங்சம் ஹோல் 1903இலும் தொடங்கிய தனியார் மகளிர் பாடசாலைகள். அவற்றின் கட்டணம் இன்று ஆண்டொன்றுக்கு 40,000 டொலருக்கு மேல். 1854இல் அருட்சகோதரிகள் தொடங்கிய சென் ஜோசப்ஸ் கல்லூரிப் பாடசாலையும், 1915இல் தோன்றிய லொறெற்றோ கல்லூரிப் பாடசாலையும் கத்தோலிக்கக் கல்விச் சபையின் கீழ் அரச செலவில் நடப்பவை, கட்டணமில்லை. ஒன்ராறியோவில் கத்தோலிக்கரல்லாத பிள்ளைகளும் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில் சேரலாம். சமய பாடத்திலிருந்து விலக்குக் கேட்கவும் இடமுண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் மருதனார்மடத்தில் எழுந்த அதே தயக்கத்தை இன்று வெல்லஸ்லி வீதியில் நின்று எம்மவர் படுகின்றனர் என்பதை எண்ணும்போது புன்னகை வருகிறது.

ஆனால் இந்நாட்டின் கணக்கு வேறு. ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பன்னிரண்டாந் தரத்தில் பெற்ற சிறந்த ஆறு பாடங்களின் புள்ளிகளையே முதலில் நோக்குகின்றன. விதிவிலக்கு உண்டு, வாட்டர்லூப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் பாடசாலைக்குப் பாடசாலை புள்ளிகளைச் சரிசெய்து பார்த்துவந்ததை 2018இல் செய்தி நிறுவனங்கள் வெளிக்கொணர்ந்தன. ஆயினும் பொதுவாகப் பாடசாலையின் பெயரைவிடப் பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தே பிள்ளையின் வழியைத் தீர்மானிக்கிறது. பல்கலைக்கழகத்துக்குரிய பாடமா, கொலிஜுக்குரிய பாடமா என்பதை அந்த ஓர் எழுத்து சொல்லிவிடும். 2022இலிருந்து ஒன்பதாந் தரத்தில் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது ஒழிந்துவிட்டது. பத்தாந் தரத்திலிருந்து பிரிவு மீண்டும் தொடங்குகிறது. ஆங்கிலம் தடுமாறியது என்ற ஒரே காரணத்தால் தாழ்ந்த பிரிவில் இருத்தப்பட்டு, அதைப் பெற்றோர் அறியவே மூன்று ஆண்டுகள் கழிந்த பிள்ளைகளை நாம் அறிவோம். அப்பெற்றோர் பாடசாலையின் பெயரை நன்கு விசாரித்தவர்கள். அந்த எழுத்தை விசாரிக்காதவர்கள்.

அயலிலுள்ள பாடசாலையை இழிவாகப் பேசுவதையும் நாம் நிறுத்தவேண்டும். பார்க்டேல் கொலிஜியேட்டில் ஐ.பி. எனப்படும் அனைத்துலகப் பட்டய வகுப்புகளும் உண்டு. திபெத்தியப் பிள்ளையும் எமது பிள்ளையும் அங்கு ஒரே வரிசையில் அமர்கின்றனர். வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம் என்பதும் ஒரு தகைமைதான். அதைக் கீழே மீண்டும் பேசுவோம்.

மகளிர் பாடசாலைதான் வேண்டுமென்று கேட்பவர்களிடம் நாம் காரணத்தைக் கேட்பதுண்டு. "ஒழுக்கம்" என்பார்கள். சற்று வற்புறுத்தினால் "பெடியங்கள்" என்பார்கள். பெண்ணைப் பூட்டிவைக்கும் பெட்டகமாகப் பாடசாலையைக் கருதினால், அந்தப் பூட்டு பிற்பகல் மூன்றரை மணிக்குத் திறந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. மகளிர் பாடசாலைக்கு இதனினும் சிறந்த நியாயம் ஒன்றுண்டு. அங்கே ஆய்வுகூடத்தில் கருவியைக் கையாள்பவள் பெண். விவாத அணியின் தலைவி பெண். கேள்விக்கு முதலிற் கையுயர்த்துபவளும் பெண். ஊரில் மகளிர் கல்லூரிகளிற் கற்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கூச்சமுள்ள உங்கள் மகளுக்கு அது வேண்டுமென்று தோன்றினால் அதற்காகச் சேருங்கள், அச்சத்துக்காகச் சேர்க்காதீர்கள்.

அவ்வாறே, தனியார் பாடசாலையில் உதவித்தொகை கேட்பது பிச்சையன்று. இப்பாடசாலைகள் அதற்கென நிதி வைத்திருக்கின்றன; தகுதியுள்ள பிள்ளைக்குக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் தள்ளிக் கொடுத்தது போக மீதி எவ்வளவு, சீருடை, மடிக்கணினி, சுற்றுலா ஆகியவற்றுக்கு எவ்வளவு, அடுத்த ஆண்டும் உதவி நிச்சயமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். அகதிக் கோரிக்கை இன்னும் ஏற்கப்படாத குடும்பங்கள் மேலும் ஒன்றை எண்ணவேண்டும். அரச பாடசாலையில் சேர்வதற்குப் பிள்ளையின் குடிவரவு நிலை தடையாகாது. சட்டம் அவ்வாறே சொல்கிறது. ஆனால் அரச மாணவர் கடனுதவி, கோரிக்கை ஏற்கப்பட்ட பின்னரே கிட்டும். நான்கு ஆண்டு உயர்நிலைப் பாடசாலைக்குக் கையிலிருந்ததெல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பல்கலைக்கழக வாசலில் வெறுங்கையோடு நிற்கக்கூடாது.

இவ்வளவையும் அந்தத் தாயாருக்குச் சொன்னோம். பின்னர் மகளை அழைத்து, "பாடசாலையை விடு, பிள்ளை. உன்னுடைய ஒரு நாளைச் சொல்லு" என்றோம்.

அவள் சொன்னாள். காலையில் தம்பியை எழுப்பி, சாப்பாடு கட்டி, அவனைப் பாடசாலையில் விட்டுவிட்டுத் தான் ஓடுவாள். பிற்பகலில் அவனை அழைத்துவருவாள். தபாற்பெட்டியிலுள்ள கடிதங்களை வாசித்துத் தாய்க்குத் தமிழில் சொல்வாள். வீட்டுச் சொந்தக்காரர், வங்கி, சட்டத்தரணியின் அலுவலகம் ஆகிய தொலைபேசிகளெல்லாம் அவளுடைய பொறுப்பு. பாட்டியை மருத்துவரிடம் கூட்டிச் சென்று, பாட்டியின் நோவை ஆங்கிலமாக்குவதும் அவளே. அதற்காகப் பாடசாலைக்குப் போகாத நாட்களும் உண்டு. புத்தகத்தைத் திறக்கும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடும். இவற்றை அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை. ஒரு நேரசூசியை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். தாயார் கையிலிருந்த பிளாஸ்ரிக் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாம் தாயாரிடம் ஒன்றே கேட்டோம். அவள் ஸ்ரீட்காரும் சுரங்க ரயிலும் மாறி நகரின் மறுபுறம் போய்வருவாளாயின், இவ்வேலைகளில் எதை வேறொருவர் செய்வார்? அவரிடம் விடை இருக்கவில்லை. அவள் அடுத்த வீதியிலுள்ள பாடசாலைக்கே போவாளாயினும் அதே கேள்விதான் என்பதையும் சொன்னோம்.

இதைக் கேட்பதற்கு எமக்குத் தகுதியுண்டு. ஏனெனில் நாம் ஒருமுறை கேட்காமல் விட்டோம். 1990களின் பிற்பகுதியில் வடமராட்சியில் ஒரு சிறு பாடசாலையில் நாம் கற்பித்தபோது, எமது வகுப்பு மாணவி ஒருத்தி புலமைப்பரிசிற் பரீட்சையில் சித்தியெய்தினாள். தயங்கிய தகப்பனாரை நாமே வற்புறுத்தி, அவளை நகரத்துக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பினோம். பாடசாலைக்கே பெருமையென்று மகிழ்ந்தோம். எட்டாந் தரத்தில் அவள் படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினாள். "கெட்டித்தனம் போதாது" என்றனர் பலர், நாமும் மறுக்கவில்லை. அவள் தங்கியிருந்த உறவினர் வீட்டில் விடியப்புறம் தண்ணீர் அள்ளுவதிலிருந்து இரவு பாத்திரம் கழுவுவதுவரை அவளே செய்தாள் என்பதையும், அவளுக்கென்று ஒரு மேசையோ விளக்கோ அங்கு இருக்கவில்லை என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். கல்லூரியின் பெயரை ஆராய்ந்த நாம், அவள் எங்கே இருந்து படிப்பாள் என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை.

உடுவிலிலும் வேம்படியிலும் விடுதிகள் செய்த பெருங் காரியம் எதுவென்று இப்போது விளங்குகிறது. கிணற்றடியிலிருந்தும் தம்பி தங்கையரிடமிருந்தும் ஒரு பெண்ணைச் சில மணிநேரம் விடுவித்து, ஒரு விளக்கின் முன்னே இருத்தின. பெயர் கல்லூரியினுடையது, பலன் அந்த நேரத்தினுடையது. இன்று தனியார் மகளிர் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் செல்வந்தர் பிள்ளைக்குக் கொடுப்பதிலும் பெரும்பகுதி அதுவே. எமது பெண்களுக்கு நாம் அந்தக் கட்டணத்தைக் கட்ட இயலாமற் போகலாம். ஆனால் நேரத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்பவர் வேறு எவருமல்லர்; நாமே.

ஆகவே, பெற்றோரே, எந்தப் பாடசாலையைத் தெரிந்தாலும் அதற்கு முன் மகளின் ஒரு நாளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மருத்துவரிடமும் சட்டத்தரணியிடமும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; பாட்டியின் நோவைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கவேண்டியதில்லை. பாடசாலைகளுக்கு வரும் குடியேற்ற உதவிப் பணியாளரிடம் கடிதங்களைக் கொண்டுசெல்லுங்கள். தம்பியை அழைத்துவர அயல்வீட்டாரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன்மார் ஆங்கில வகுப்புக்குப் போவது மகளுக்குச் செய்யும் செலவென்றே கொள்ளுங்கள். பாடசாலையைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிச் செல்லுங்கள். திரும்பி வரும் வழியில் நீங்கள் முதலிற் பேசாதீர்கள், அவளைப் பேசவிடுங்கள்.

அந்தக் குடும்பம் எந்தத் தாளில் ஒப்பமிட்டது என்பதை இங்கு எழுதமாட்டோம். அது அவர்களுடைய வீட்டு விடயம். ஆனால் கடந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். குசினி மேசையின் ஒரு பக்கம் துடைத்து ஒதுக்கப்பட்டு, அதன்மேல் ஒரு விளக்கு வைக்கப்பட்டிருந்தது. மாலை ஏழு மணி. தொலைபேசி ஒலித்தது. மகள் எழும்ப முனைந்தாள். "நீ இரு" என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் எழுந்துபோய், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினார்.