சிவப்பு விளக்கு மட்டும் போதுமா?

பழைய கார்கள் பலவற்றில் மசகு எண்ணெயின் அழுத்தத்தைச் சொல்ல ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. ஓடும் எஞ்சினில் அழுத்தம் 3 அல்லது 4 வளிமண்டல அளவு இருக்கும். அது ஏறக்குறைய அரை வளிமண்டல அளவுக்குக் குறைந்த பிறகே விளக்கு எரியும். அதற்குள் பேரிங்குகள் தேயத் தொடங்கியிருக்கலாம். ஆகவே, எண்ணில் காட்டும் அழுத்தமானி அவசியம் என்பேன்.

ஆனால் அதன் கனமான உணர் கருவியை எஞ்சினிலேயே திருகினால், அதிர்வில் கழுத்து முறிந்து எண்ணெய் கொட்டிவிடக்கூடும். வளையும் குழாய் மூலம் காரின் உடற்பகுதியில் பொருத்துவதே நல்லது. ரப்பர் குழாயில் மின்சாரம் பாயாது. எனவே தனி எர்த் கம்பி கொடுக்க வேண்டும்.

பழைய விளக்கையும் நீக்காதீர்கள். சாலையில் கண் வைத்திருக்கும் ஓட்டுநர் முள்ளைப் பார்க்கத் தவறலாம்; சிவப்பொளியைத் தவறவிடமாட்டார்.