மண்ணில் புழு, மண்டியில் விலை

நீலகிரி உருளைக்கிழங்குக்கு மண்டியில் தனி மதிப்பு உண்டு. அதை விளைவிக்கும் விவசாயிக்கோ இரண்டு பக்கமும் இடி. 1961-ல் உதகையில் கண்டறியப்பட்ட நூற்புழு வேரை உறிஞ்சுகிறது. அதன் முட்டைகள் பல ஆண்டுகள் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். மருந்து மட்டும் போதாது. சில ஆண்டுகள் கிழங்கை விட்டு முட்டைக்கோஸ், காரட், பூண்டு என மாற்றிப் பயிரிட வேண்டும்.

ஆனால் அவற்றின் விலைக்கு உத்தரவாதம் ஏது? மேட்டுப்பாளையம் மண்டியில் கோலார், குஜராத் கிழங்கு குவிந்தால் விலை சரியும் என்று தெரிந்தும், ஒரு போகம் நல்ல விலை கிடைத்தால் கடன் தீருமே என்று விவசாயி மீண்டும் கிழங்கையே நடுகிறார். புழுவும் பெருகுகிறது.

மாற்றுப் பயிர்களுக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும். விலையைக் காத்தால்தான் மண்ணைக் காக்க முடியும்.