ஆமை உறங்குகிறதா?

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கோ பிள்ளைகளே ஆமையை ஆசையோடு வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். வீடு மாறிப் போகும் பள்ளித் தோழன் கொடுத்துவிட்டுப் போவான். அல்லது கடையில் வாங்கித் தரும்படி பிள்ளை அடம்பிடிக்கும்.

கார்த்திகை பிறந்ததும் பிரச்சினை தொடங்குகிறது. ஆமை சாப்பிடாமல், தலையை உள்ளே இழுத்தபடி மூலையில் கிடக்கும். "அது குளிர்கால உறக்கம், எழுப்பாதேங்கோ" என்று யாராவது சொல்லுவார்கள். அதை நம்பி விட்டுவிட்டால், பங்குனியில் வெறும் ஓடுதான் மிஞ்சும்.

ஆமைக்கு எம்மைப் போல உடலுக்குள் சூடு பிறப்பதில்லை. சுற்றாடலின் வெப்பமே அதன் வெப்பம். மத்தியதரைக் கடலோர நாடுகளிலும் மத்திய ஆசியாவிலும் வாழும் தரை ஆமைகள் குளிர்காலத்தில் மண்ணுக்குள் புதைந்து உறங்கும். அந்த உறக்கத்துக்கு ஏறக்குறைய 5 பாகை செல்சியஸ் வேண்டும். உறைநிலைக்குக் கீழே போனால் கண்ணும் உடலும் பழுதாகும். 10 பாகைக்கு மேலே போனால் உடல் விழித்துக்கொண்டு, சேமித்த கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும்.

ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீடுகளைக் குறைந்தது 21 பாகையில் வைத்திருக்க வேண்டும் என்பது மாநகர விதி. எமக்கு அது சுகம். ஆமைக்கோ இரண்டும்கெட்டான் நிலை. உறங்குவதற்கு அது சூடு. உண்டு செரிப்பதற்கு அது குளிர். யன்னலோரத் தரை இன்னும் குளிரும். மார்கழியில் பகல் ஒன்பது மணித்தியாலமாகச் சுருங்குவதும் அதைச் சோர வைக்கும். இப்படிக் கிடக்கும் ஆமை உறங்கவில்லை. மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது.

ஆகவே முதலில் அது என்ன இன ஆமை என்று அறிந்துகொள்ளுங்கள். எமது உலர்வலயத்து நட்சத்திர ஆமைக்குக் குளிர்கால உறக்கமே கிடையாது. கடும் வரட்சியில் ஒதுங்கிக் கிடந்து, மழை வந்ததும் உலாவும் பிராணி அது. ஆபிரிக்க, தென்னமெரிக்க வெப்ப நாட்டு ஆமைகளும் உறங்குவதில்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள நீராமை காட்டில் குளத்தடியில் குளிர்காலத்தைக் கழிக்கும். ஆனால் தொட்டியில் வளர்வதற்கு அந்த உறக்கம் தேவையில்லை. உறங்கும் இனமாக இருந்தாலும், மிருக வைத்தியரிடம் காட்டாமல் உறங்கவிடக் கூடாது. வயிற்றில் உணவு தங்கியிருந்தால் உள்ளேயே அழுகிவிடும்.

மற்றபடி குளிர்காலம் முழுவதும் அதை விழித்திருக்கச் செய்வதே பாதுகாப்பானது. தரை ஆமையின் கூட்டில் ஒரு பக்கத்தை வெப்பமூட்டும் மின்குமிழால் 30 முதல் 35 பாகை வரை சூடாக்குங்கள், மறுபக்கம் குளிர்ந்திருக்கட்டும். புறஊதாக் கதிர் விளக்கும் பகலில் பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும். யன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் அதற்கு ஈடாகாது. வாரத்துக்கு ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்து நிறையைக் குறித்து வையுங்கள். நிறை குறைந்துகொண்டே போனாலோ, மூக்கால் நீர் வடிந்தாலோ, கண் வீங்கினாலோ உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள். எல்லா மிருக வைத்தியர்களும் ஆமை பார்ப்பதில்லை. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஆமையின் உடலில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். சமையலறைத் தொட்டியில் கூட்டைக் கழுவ வேண்டாம்.

வளர்க்க முடியாவிட்டால் குளத்தில் விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வெப்ப நாட்டு ஆமை முதற் குளிரிலேயே இறந்துவிடும். சிவப்புக் கோட்டு நீராமை தப்பினால் இம்மண்ணின் ஆமைகளுக்குப் போட்டியாகிவிடும். ஒன்ராறியோவுக்கு உரிய ஆமை இனங்கள் எட்டு. அவற்றுள் வர்ண ஆமை, பனிக்கட்டி மூடிய குளத்தடியில் காற்றே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உடலில் சேரும் அமிலத்தை அதன் ஓட்டின் சுண்ணாம்பே தணிக்கிறது. அது பரம்பரை பரம்பரையாக வந்த வித்தை. கடையில் வாங்கிய ஆமைக்கு ஒரு குளிர்காலத்தில் வராது. எம்மவர் பலர் வாழும் ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில், அருகிவரும் பிளாண்டிங் ஆமைக் குஞ்சுகளை ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை இரண்டு வருடம் வளர்த்து, 2014 முதல் காட்டில் விட்டு வருகிறது. அத்தனை பாடுபட்டு மீட்கும் நீர்நிலைகளில் எமது வீட்டு ஆமையை விடுவது நியாயமாகாது. ஊர்வனவற்றைப் பராமரிக்கும் காப்பகத்திடம் ஒப்படையுங்கள்.

ஊரிலிருந்து நட்சத்திர ஆமையைக் கொண்டுவர எவரும் எண்ண வேண்டாம். இலங்கையில் அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற பிராணி. 2019 முதல் அதன் சர்வதேச வணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது.

இந்தக் குளிரில் உங்கள் வீட்டு ஆமை அசையாமல் கிடந்தால், "உறங்கட்டும்" என்று விட்டுவிடாமல் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, விளக்கடியில் விடுங்கள். அதன் பிறகும் தலையை நீட்டாவிட்டால் அன்றைக்கே வைத்தியரை அழையுங்கள்.