கைகழுவும் தொட்டியில் கஞ்சியை ஊற்றலாமா?

நோயாளி குடித்து மீந்த கஞ்சியை உடனிருப்பவர் வார்டின் கைகழுவும் தொட்டியில் ஊற்றுவதை நாள்தோறும் காண்கிறோம். தேநீர்க் குவளையும் சாப்பாட்டு அடுக்கும் அங்கேதான் கழுவப்படுகின்றன. மீதமான குளுக்கோஸ் நீரை எங்கள் ஊழியர்களே அதில் கொட்டுவதும் உண்டு. இவற்றையெல்லாம் கண்டும் காணாதிருந்தது எங்கள் தவறு.

தொட்டிக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயில் எப்போதும் நீர் தேங்கி நிற்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவுக்கு அந்த ஈரமே போதும். மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழும் இது, உடல்நலம் உள்ளவரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தீக்காயம் பட்டவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவர், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர் ஆகியோரிடமே தன் வலிமையைக் காட்டும். நுரையீரலிலோ இரத்தத்திலோ புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பல ஆன்டிபயாடிக் மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்வதால், கிருமிநாசினி ஊற்றினாலும் முழுவதும் அழிவதில்லை. கஞ்சியும் பாலும் அதற்கு நாம் படைக்கும் விருந்து.

குழாய்க்குள் கிடப்பது கட்டிலுக்கு எப்படி வரும் என்று கேட்கலாம். கனடாவின் டொராண்டோ நகரில், ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 2004 இறுதி முதல் 2006 தொடக்கம் வரை 36 நோயாளிகளிடம் இது பரவியது. மருத்துவர்கள் ஒளிரும் சாயத்தைத் தொட்டியின் வடிகாலில் இட்டு, குழாயைத் திறந்து பார்த்தனர். தெறித்த துளிகள் 1 மீட்டர் தொலைவுக்கும் சென்றிருந்தன. நீர் தெறிக்காதவாறு தொட்டிகளை மாற்றி அமைத்த பிறகே பரவல் நின்றது.

ஆகவே, ‘இங்கே ஊற்றாதீர்’ என்று பலகை மாட்டியதோடு மருத்துவமனையின் கடமை முடிந்தது என்பதை நாங்கள் ஏற்கவில்லை. நள்ளிரவில் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு, மீந்த பாலுடன் ஒருவர் எங்கே செல்வார்? ஒவ்வொரு வார்டுக்கும் அருகில் பாத்திரம் கழுவத் தனி இடம் வேண்டும். அதை எங்களிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள்.

அதற்காகக் கைகழுவுவதை நிறுத்திவிடாதீர்கள். அதற்கென்றே அந்தத் தொட்டி இருக்கிறது. அதன் விளிம்பில் மாத்திரை அட்டையையோ நெபுலைசர் முகமூடியையோ பல்துலக்கியையோ வைக்க வேண்டாம். ஆக்சிஜன் குழாயோடு இணைந்த புட்டியில் நீர் குறைந்தால், குடிநீர்க் கேனிலிருந்து நீங்களே நிரப்பாதீர்கள். அதற்குக் கிருமி நீக்கிய நீர்தான் வேண்டும். செவிலியரை அழையுங்கள், இரவு இரண்டு மணியானாலும் தயங்க வேண்டாம்.