மானிட்டர் இல்லாத மேடை

பீட்டில்ஸ் 1966-இல் மேடையை விட்டு இறங்கியதற்குக் களைப்புதான் காரணம் என்பார்கள். அவர்களுடைய மேதைமை ஸ்டுடியோவில்தான் இருந்தது, கச்சேரி என்பதெல்லாம் வெறும் கூச்சல் என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. மெல்லிசைக் குழுக்களுக்கு 28 வருடம் மைக் செட் போட்டவன் நான். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர்கள் மேடையில் விளைந்தவர்கள். ஒலி அமைப்புதான் அவர்களைக் கைவிட்டது.

மேடையின் முன்விளிம்பில், பாடகரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கும் பெட்டியைக் கவனித்திருப்பீர்கள். மானிட்டர் என்போம். பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்காக வைப்பது அது. ஒரு கோயில் திருவிழாவில் கச்சேரி நடுவே அது கருகிப்போனது. அதுவரை பிசிறில்லாமல் பாடிய மனிதர், அடுத்த பாட்டின் பல்லவியிலேயே சுருதி விலகினார். வெளியே ஸ்பீக்கர் முழங்குகிறது, ஜனங்கள் கை தட்டுகிறார்கள். அவர் மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். காட்டில் வழி தவறிய குழந்தையின் முகம் அது.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,600 பேர் முன்னால் அந்த நால்வரும் அப்படித்தான் நின்றார்கள். மானிட்டர் என்ற ஏற்பாடே இல்லை. கிடார்களுக்கு வாக்ஸ் நிறுவனம் செய்துகொடுத்த 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள். குரலுக்கு, பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்புச் செய்கிற ஒலிபெருக்கி. முன்னால் நிற்கிற மூவரின் தலையாட்டலையும் இடுப்பசைவையும் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டதாக டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்படியும் அவர்கள் தாளம் குலையவில்லை. 1964-லும் 1965-லும் ஹாலிவுட் பவுல் அரங்கில் பதிவானவை 1977-இல் இசைத்தட்டாக வந்தன. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அலறல் கடல்போல் எழுகிறது. அதன் அடியில் டிரம்ஸும் பேஸும் ஒரே ஆளின் இரண்டு கைகள்போல் நடக்கின்றன. இது எங்கிருந்து வந்தது? ஹாம்பர்க்கிலிருந்து. 1960 ஆகஸ்டில் இந்திரா என்ற சின்ன இரவு விடுதியில் தொடங்கினார்கள். வார நாட்களில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறு ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்போது 17 வயது. ஊர் திரும்பியதும் லிவர்பூல் கேவர்ன் கிளப் என்ற நிலவறையில் ஏறக்குறைய 300 தடவை. இப்படி ஊறியவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவன் எங்கே மூச்சு வாங்குவான் என்பது காதில் விழாமலே தெரியும்.

ஆனால் காது பட்டினி கிடந்தால் எந்தப் பயிற்சியும் மெல்ல மெல்லத் தேயும். 1966 ஜூன் கடைசியில் டோக்கியோவின் புடோகான் அரங்கு. போலீஸ் கட்டுப்பாட்டில் கூட்டம் அடங்கி உட்கார்ந்திருந்தது. அந்தப் படப்பதிவில் குரல்கள் சுருதி விலகுவது நன்றாகவே கேட்கிறது. ஆகஸ்ட் 5-இல் ‘ரிவால்வர்’ வெளிவந்தது. அடுத்த வாரமே அமெரிக்கப் பயணம். அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் பாடவில்லை. டேப் துண்டுகளைச் சுழலவிட்டுச் செய்த ஒலியை அன்றைய கருவிகளோடு எந்த மேடையில் எடுக்க முடியும்? ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். 11 பாட்டு, அரை மணிக்குச் சற்று மேல். அதுதான் கடைசி டிக்கெட் கச்சேரி. பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பேரோ அதை கேசட்டில் பிடித்தார். கடைசிப் பாட்டின் நடுவே டேப் தீர்ந்துவிட்டது.

மேடை அவர்களுக்குக் கசந்திருந்தால் 1969 ஜனவரி 30 நடந்தே இருக்காது. லண்டன் சவில் ரோ, 3-ஆம் எண் கட்டடத்தின் மொட்டை மாடி. உறைய வைக்கும் குளிர். மைக்கில் காற்று இரையாமல் இருக்க, ஆலன் பார்சன்ஸ் என்ற இளம் ஒலிப்பதிவு உதவியாளர் ஓடிப்போய்ப் பெண்களின் காலுறைகளை வாங்கிவந்து மைக்குகளுக்கு மாட்டினார். என் தொழிலில் இதைவிட அழகான காரியம் நான் கேள்விப்பட்டதில்லை. தெருவில் நின்றவர்களுக்கு அவர்கள் முகம் தெரியவில்லை. பக்கத்தில் நின்று அலற யாருமில்லை. போலீஸ் படியேறி வரும்வரை, 42 நிமிடம். ஜான் லெனானும் பால் மெக்கார்ட்னியும் பதின்வயதில் எழுதி, 1963-இல் பதிவுசெய்தும் ஒதுக்கிவைத்த ‘ஒன் ஆஃப்டர் 909’ பாட்டை அங்கே எடுத்தார்கள். ‘லெட் இட் பி’ ஆல்பத்தில் இருப்பது அந்த மாடிப் பதிவுதான். இரண்டு குரலும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டே ஓடுகின்றன.