செத்தால்தான் கணக்கா?

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கிற கீழ்வேளூர்ப் பக்கத்தில், பிரசவத்தில் கண்டம் தப்பியவளை 'மறுபிழைப்பு' என்பார்கள். ஊர்க் கோயிலில் இருப்பவர் பெயரே கேடிலியப்பர். ரத்தம் பெருகி, நாலு பாட்டில் ஏற்றி, கர்ப்பப்பையையும் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாலும் ஓர் அர்ச்சனையோடு விஷயம் தீர்ந்துவிடுகிறது. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. கதை எழுதுகிறவன் வார்த்தையோடு தானே சண்டை போட முடியும்? 'பிழைத்தாள்' என்று சொன்ன மாத்திரத்தில், ஏன் சாகக் கிடந்தாள் என்ற கேள்வி செத்துப்போகிறது.

செத்தால் கணக்கு உண்டு, வாஸ்தவம். தமிழ்நாட்டில் 1994ல் தாய் மரணங்களைத் தணிக்கை செய்யத் தொடங்கினார்கள். 2004லிருந்து வீட்டுக்கே போய், வலி எப்போது கண்டது, வண்டி எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே அனுப்பினார்கள் என்று உறவுக்காரர்களிடம் கேட்டு எழுதுகிறார்கள். உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 2004-06ல் 111 தாய்மார் மாண்டார்கள், 2018-20ல் 54. கேட்டதனாலேயே குறைந்தது என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் ஓட்டை எங்கே என்பது கேட்டவர்களுக்குத்தானே தெரியும்?

உயிரோடு இருப்பவளை இன்னும் நன்றாகக் கேட்கலாமே! அவள் தானே பதில் சொல்வாள். மத்திய சர்க்கார் 2014லேயே இதற்கு வழிகாட்டி போட்டிருக்கிறது. அமெரிக்கப் பிரசவ வைத்தியர்கள் 2016ல் ஓர் அளவே சொன்னார்கள்: நாலு யூனிட் ரத்தமோ அதற்கு மேலோ ஏற்றினாலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தாலும், அந்தக் கேஸை எடுத்துப் பார். அளவு இருந்தால், 'கொஞ்சம் ரத்தம் போச்சு' என்று மழுப்ப முடியாது.

"எழுதினால் எங்களைத் தூக்கில் போடுவார்கள்" என்பார்கள் டாக்டர்கள். பயம் பொய்யல்ல. 2022ல் ராஜஸ்தானில், ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்ததற்காகப் போலீஸ் கொலைவழக்குப் பதிவு செய்தது. வைத்தியம் பார்த்த டாக்டரம்மா தற்கொலை செய்துகொண்டார். அப்புறம் எந்த நர்ஸ் உள்ளதை உள்ளபடி எழுதுவாள்? இங்கிலாந்தில் 1952லிருந்தே பேரை மறைத்து விசாரிக்கிறார்கள். இங்கேயும் அப்படியே செய்யுங்கள், ஸ்வாமி. யார் பேரும் எனக்கு வேண்டாம். ரத்தம் வேண்டுமென்று எத்தனை மணிக்குக் கேட்டார்கள், எத்தனை மணிக்கு வந்தது? இந்த இரண்டையும் எழுதி, அந்தப் பெண்ணுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.