சராசரி மழையும் வெறுங்குடமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டதென எம்மவருள் ஒரு சாரார் பேசத் தொடங்கியுள்ளனர். 2024ஆம் ஆண்டில் தலையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது. இனி என்ன குறை என்பது இவர்களது வாதம். வேறொரு சாரார், பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தை அன்றே நிறைவேற்றியிருந்தால் இத்தனை செலவு எதற்கு எனப் பெருமூச்செறிகின்றனர். மூன்றாவது சாராரோ இரணைமடுவைச் சுட்டிக்காட்டி, கிளிநொச்சிக் கமக்காரரின் பிடிவாதமே எமது தாகத்துக்குக் காரணம் என்கின்றனர்.

இம்மூவரும் பொருதுவதைக் காண்போர் பெரியதொரு கருத்துப் போர் நிகழ்வதாக எண்ணக்கூடும். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மூவரும் கூடி ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். நாளைய மழை நேற்றைய மழையைப் போலவே பெய்யும், சனத்தொகை இன்று வரைந்த கோட்டிலேயே வளரும், மின்சாரமும் பணமும் என்றும் கைவசம் இருக்கும் என்று எல்லாம் தெரிந்தவர் போல எடுத்துக்கொண்டு, ஒரே வேலைத்திட்டத்தின் தலையில் எமது முழு எதிர்காலத்தையும் சுமத்துகின்றனர்.

முதலில் எமது நிலத்தின் இயல்பை நோக்குவோம். வற்றாத நதி எமக்கில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடிக் கடலோடு கலப்பது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி நிற்கும் மழைநீரே. அந்நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியல் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடியை அளவுமீறி இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அதிசயம் என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறோம். அதிசயமல்ல, அது எமக்குக் கிடைத்த எச்சரிக்கைப் பலகை.

இந்த நிலத்தின்மேல் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை பெய்கிறது என்று பாடநூல் கூறும். பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்து முடிகிறது. எமது மாணவரும் அந்த எண்ணை எழுதிப் புள்ளி பெறுகின்றனர். தண்ணீர் தினப் பேச்சுப் போட்டியில் வான்சிறப்பு அதிகாரத்தைப் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசும் பெறுகின்றனர். ஆனால் சராசரி மழையைக் குடித்து வாழ்ந்தவர் ஒருவருமிலர். 2008 நவம்பரில் நிஷா புயல் சில நாட்களுக்குள் வீதிகளையும் வயல்களையும் ஒன்றாக்கியது. 2016-17இல் நாட்டையே உலுக்கிய வறட்சி வந்தது. இரண்டையும் கூட்டி இரண்டாற் பிரித்தால் நல்லதொரு சராசரி கிடைக்கும். அக்கணக்கு வெள்ளத்தில் தோட்டம் அழுகியவனுக்கும் உதவாது, பவுசர் வரும் வழி பார்த்திருந்தவளுக்கும் உதவாது.

காலநிலை மாறி வருகிறது என்பதை இன்று மறுப்பார் இலர். எவ்வாறு மாறும் என்பதில் மட்டும் நிச்சயமில்லை. குடாநாட்டின் மொத்த மழை கூடுமா குறையுமா என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. பெய்யும் மழை குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் தன்மை மிகும் என்பதும், கடல் மட்டம் உயர்கிறது என்பதும் நன்கு நிறுவப்பட்டவை. கொட்டித் தீரும் மழை நிலத்தில் ஊற நேரமின்றிக் கடலுக்கு ஓடும். உயரும் கடல் நன்னீர் வில்லையை ஓரங்களிலிருந்து அரிக்கும். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் நேர்மையே திட்டமிடலின் முதற்படி.

வானத்தை விடுங்கள், மனிதரையே எமக்குக் கணிக்கத் தெரியவில்லை. இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 7 இலட்சத்து 38 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். அன்று ஒரு பொறியியலாளர் 2012ஆம் ஆண்டுக்கான குழாய்நீர்த் தேவையைக் கணிக்கப் புகுந்திருந்தால், பத்து இலட்சம் என்றோ அதற்கு மேலோ எழுதியிருப்பார். 2012இல் எண்ணப்பட்டோர் 5 இலட்சத்து 83 ஆயிரத்துச் சொச்சம். இடையில் நிகழ்ந்தது என்ன என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. தலையடி நிலையத்தை நாம் வெறுக்கவில்லை. மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது என்ற வாதத்தில் உண்மை உண்டு. தீவகத்தில் உவர்க் கிணற்றைக் கட்டிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு மைல் கணக்கில் அலைந்த பெண்களின் முன்னே நின்று குழாய் வேண்டாம் என்று சொல்ல எமக்கு நா எழாது. ஆனால் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ மூன்று நான்கு அலகு மின்சாரம் வேண்டும். முழு வலுவில் இயங்கினால் நாளொன்றுக்கு 72,000 அலகுக்குக் குறையாது. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. அடுத்த மாதமே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என அரசு அறிவித்தது. அந்நிலையம் அன்று இயங்கிக்கொண்டிருந்திருந்தால் எத்தனை நாள் ஓடியிருக்கும்? மழையை நம்பியிருந்த நாம் எரிபொருளையும் டொலரையும் நம்புவோராக மாறியுள்ளோம். மழைக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

இரணைமடுவுக்கு வருவோம். ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் வழங்க இசைந்த திட்டத்தில், அக்குளத்திலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர எண்ணியிருந்தனர். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். உடனே எமது மத்தியதர வர்க்கம் அவர்களைக் குறுகிய மனத்தர் என்றது. அவர்கள் கேட்டதோ மிகவும் எளிய கேள்வி: குளம் நிறையாத ஆண்டில் யாருடைய பங்கு முதலில் வெட்டப்படும்? சிறுபோகம் பொய்த்தால் கடனில் மூழ்குபவன் கமக்காரன். அவனுக்கும் முன்னே பட்டினி கிடப்பவன் அவனது வயலில் கூலிக்கு நிற்பவன். அக்கூலிகளுள் 1958இலும் 1977இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து ஓடிவந்தோரின் பிள்ளைகளும் உளர். அவர்களை நம்பவைக்கும் விடை ஒன்றும் கிடைக்கவில்லை. மிஞ்சிய நீரை மட்டும் எடுப்போம் என்றனர். மிஞ்சுதல் என்றால் எத்தனை அடி? எந்த மாதத்தில்? அளப்பவர் யார்? பின்னர் அதே குளத்தின் அணை உயர்த்தப்பட்டது. 2018 டிசம்பரில் பெருமழை பெய்து, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கீழ்ப்புற ஊர்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்பது விசாரணைக்குரிய விடயமாயிற்று. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் உரிய விதிகளைத் தண்டனைச் சட்டம் போல முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். தாகம் எடுத்த பிறகு கூடி எழுதும் விதியில் வலியவன் கையே ஓங்கும்.

ஆறுமுகம் அவர்களது திட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சி நீரேரிக்கு நீரைத் திருப்பி, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீரைத் தடுத்து, நிலத்தடி வில்லையை ஊட்டும் அச்சிந்தனை எமது மண்ணை அறிந்த ஒருவரது சிந்தனை. கால்வாய் அரைகுறையாகவே நின்றது. ஆயினும் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்திய நீரோட்டக் கணக்கை இன்றும் வேதவாக்காகக் கொள்வது அப்பொறியியலாளருக்குச் செய்யும் மரியாதையாகாது. கனகராயன் ஆற்றின் நீர் இன்று உயர்ந்த அணைக்குப் பின்னே தேங்குகிறது. வான்பாய்வது முன்போல் இராது. நீரேரியில் இறால் பிடித்து வயிறு வளர்ப்போரை அன்றைய வரைபடத்தில் காணோம். பெரிய கால்வாய்க்கு முன், இருக்கும் தடுப்பணைகளின் கதவுகள் உவர்நீரை உள்ளே விடாதபடி ஆண்டுதோறும் பேணப்படுகின்றனவா எனக் கேட்போம். அதற்கு வெளிநாட்டுக் கடனோ திறப்பு விழாவோ வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ அதைப்பற்றிப் பேசுவாரும் குறைவு.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, எமது காலடியில் இருக்கும் தண்ணீரை நாமே நஞ்சாக்கினோம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பணமாயின. பசளை மூட்டை மூட்டையாகச் செம்மண்ணில் கொட்டப்பட்டது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியது. மலக்குழிகளும் தம் பங்கைச் செய்தன. சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழுதடைந்த நிலநீரை எந்தத் தீர்ப்பாலும் ஓரிரு ஆண்டில் மீட்க முடியாது.

கிணறு யாருடையது என்ற கேள்வியும் உண்டு. இக்குடாநாட்டில் தாழ்த்தப்பட்ட மக்கள் கிணற்றில் அள்ள உரிமையின்றி, ஊற்றுவாரை எதிர்பார்த்துக் குடத்தோடு காத்து நின்ற காலத்தை நாம் மறந்துவிடவில்லை. டானியல் 'தண்ணீர்' என்றே ஒரு நாவலுக்குப் பெயரிட்டார். காணி உள்ளவனுக்குக் கிணறு, கிணறு உள்ளவனுக்கு அதன் அடியில் உள்ள நீர் முழுவதும் என்ற வழக்கு இன்றும் நிலைக்கிறது. ஆனால் சுண்ணாம்புக் கல்லுக்கு வேலி தெரியாது. ஒருவன் ஆழ்குழாய் இட்டு இறைத்தால் அயலவன் கிணறு உவர்க்கிறது. உவர்த்தபின் வசதி படைத்தவன் போத்தல் நீர் வாங்குவான், வீட்டிலே வடிகட்டும் இயந்திரம் பூட்டுவான். ஏனையோர் பவுசருக்குக் காத்திருப்பர்.

ஆகவே நாம் கோருவது இதுதான். குழாய்நீர் வரட்டும், ஆனால் கிணறுகளுக்கு மாற்றாக அன்று, அவற்றுக்குத் துணையாக வரட்டும். ஆழ்குழாய்க் கிணறு ஒவ்வொன்றும் பதியப்பட்டு இறைப்புக்கு வரம்பிடப்பட வேண்டும். தூர்ந்த குளங்களும் கேணிகளும் துரவுகளும் மீட்கப்பட வேண்டும். சிறிய குளம் ஒன்று பிழைத்துப்போனாலும் ஊர் முழுவதும் தாகத்தில் சாகாது. ஐந்தாண்டுக்கொருமுறை எல்லாக் கணக்கையும் திறந்து, மழையும் மக்களும் நாம் எண்ணியபடியா இருந்தனர் என்று பார்த்துத் திட்டத்தைத் திருத்தும் வழக்கம் வேண்டும். அந்தச் சபையில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் குடம் சுமக்கும் பெண்களும் இருக்க வேண்டும். யாருடைய நீர் முதலில் வெட்டப்படும் என்பதை எழுதவேண்டியவர் அவர்களே.

எமது உயர்தர வகுப்பு மாணவர் சிலர் சென்ற மாரி தொட்டுப் பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் நாடாவால் அளந்து கொப்பியில் குறித்து வருகின்றனர். அக்கணக்கைப் பொறுப்பான அலுவலகம் ஒன்றுக்கு நாம் எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் மரியாதையாகவே வாங்கிப் பார்த்தார். இதைப் பதிவதற்குத் தம்மிடம் உரிய படிவம் இல்லை என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பித் தந்தார். மாணவர் அளப்பதை நிறுத்தவில்லை. அயற் பாடசாலைகள் இரண்டில் உள்ள ஆசிரிய நண்பர்களும் இம்மாதம் தொடங்குவதாக எழுதியுள்ளனர்.